‘மூடிட்டா?’ மேடமும் பதினோரு கிலோவும்

உலகத்தில் இன்று வெடிக்காமல் இருக்கிற குழாய்கள் அத்தனையும் என் சித்தியைக் கேட்டுத்தான் வெடிக்காமல் இருக்கின்றன. கடலுக்கு அடியில் எண்ணெய் கொண்டுபோகிற குழாய், மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருகிற குழாய், உங்கள் வீட்டுக் குளியலறையில் காலையில் நாலு தடவை இருமிவிட்டுச் சொட்டு விடுகிற குழாய், எல்லாம்தான். அவள் ஒரு நாள் லீவு போட்டால் பூமிப் பந்து பஞ்சர் ஆகி, காற்றுப் போன பலூன் மாதிரி வானத்தில் தறிகெட்டுப் பறக்கும். விஞ்ஞானிகளுக்கு இது தெரியும். பொறாமையில் வெளியே சொல்வதில்லை.

மற்றபடி சாதாரணமானவள். டயர் கடை மாடியில் நாலு மேசை போட்ட ஓர் அலுவலகத்தில் ஜன்னலோர மேசை அவளுடையது. ஆலைகளுக்குக் குழாய் அமைப்பை வரைந்து கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. ஓர் ஆலையில் முந்நூறு குழாய் ஓடினால் சித்தியின் அட்டவணையில் முந்நூறு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணை அவள் தீர்மானிக்க வேண்டும். அந்தக் குழாய் தன் வாழ்நாளில் பார்க்கப்போகிற படுமோசமான அழுத்தம் எவ்வளவு? அதுதான் டிசைன் பிரஷர். அந்த எண்ணை வைத்துத்தான் குழாயின் கனம், வால்வு, இணைப்புகள் எல்லாம் முடிவாகும். எண் தப்பினால் அப்புறம் எல்லாம் தப்பு.

பத்தொன்பது வருடமாக இதே வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே கேள்வி.

“மூடிட்டா?”

பம்ப் ஒன்று தண்ணீரைத் தள்ளுகிறது, மறுமுனை திறந்திருக்கிறது, எல்லாரும் சுகம். மறுமுனையை யாராவது மூடிவிட்டால்? பஸ் கதவு திறந்திருக்கும்வரை கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். கதவை மூடினால் கடைசி சீட்டுக்காரனுக்கு அது தெரியாது, அவன் பாட்டுக்குத் தள்ளுவான். நடுவில் நிற்பவன் விலா எலும்பு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போடுகிறவள்தான் என் சித்தி. அலுவலகத்தில் அவளுக்கு ‘மூடிட்டா மேடம்’ என்று பெயர். அவளுக்கும் தெரியும். கோபப்படமாட்டாள். அந்தப் பெயர் நாளைக்கு இன்னும் மோசமானால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைத்திருப்பாள்.

நான் அவளுடைய அக்கா மகள். பதினாறு வயது. கணக்குப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டது. நான், அம்மா, சித்தி, சித்தப்பா நாலு பேரும் ஒரே வீடு. எனக்குத் தெரிந்த ஒரே கலை அடுத்தவர்களை ஏமாற்றிச் சிரிக்க வைப்பது. அம்மா வாரத்தில் மூன்று முறை ஏமாறுவாள். சித்தப்பா தினமும் ஏமாறி, நன்றி வேறு சொல்வார். சித்தியை மட்டும் முடிந்ததில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள், செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போடுவாள். நான் பிறப்பதற்கு முன்பே இந்தப் பழக்கம் உண்டாம். ஆக, நான் வரப்போவதை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறாள்.

சித்தப்பா தன் காதலைச் சொன்ன அன்று சித்தி வெட்கப்படவில்லை. “சரி, இருக்கிறதுலேயே மோசமான நாள்ல நீங்க எப்படி இருப்பீங்க?” என்று கேட்டாளாம். “பல்வலி வந்தா கொஞ்சம் கத்துவேன்” என்றாராம் அவர். அடுத்த பல்வலி வரும்வரை எட்டு மாதம் காத்திருந்து, நேரில் போய் அரை மணி நேரம் அவர் கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்திருக்கிறாள். வீட்டில் குக்கர் விசிலடித்தால் சித்தி மரியாதையாகத் திரும்பிப் பார்ப்பாள். இந்த வீட்டில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்கிற ஒரே ஜீவன் அது என்பது அவள் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் அழுத்தத்தைக் கிலோவில் சொல்வார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை எத்தனை கிலோ அழுத்துகிறது என்று கணக்கு. ஆனால் பேச்சில் வெறும் ‘கிலோ’தான். “பத்து கிலோவெல்லாம் பத்தாது, பன்னண்டு போடுங்க” என்று சித்தி போனில் கத்துவதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, “வீட்ல ஏதாவது விசேஷமா? என்கிட்ட பெரிய பாத்திரம் இருக்கு” என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சித்தி தயாரிக்கிற தாளின் அடியில் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று ‘தயாரித்தவர்’, இன்னொன்று ‘அங்கீகரித்தவர்’. பத்தொன்பது வருடமும் அவள் கையெழுத்து முதல் கட்டத்தில்தான். இரண்டாவது கட்டம் முதலாளியுடையது. முதலாளிக்கு வயதாகி, மூன்றும் எட்டும் ஒரே ஜாடையாகத் தெரிய ஆரம்பித்தன. இந்தத் தொழிலில் அது பேராபத்து. அந்தக் கட்டத்தை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தார். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் சித்தி. இன்னொருவர் முதலாளியின் மருமகன். மருமகன் நல்லவர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

சித்தி வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் பழைய செய்தித்தாளில் என் கண்ணில் பட்டது. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்து, அதற்குள் அடங்குகிற மாதிரி தன் கையெழுத்தைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டுப் பழகியிருந்தாள். நாற்பத்தோரு தடவை. நான் எண்ணினேன். அதை வைத்துக் கேலி செய்ய அருமையான வாய்ப்பு. ஏனோ செய்யவில்லை. தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பால் ஆலை வேலை வந்தது. ஆலையின் தரையையும் தொட்டிகளையும் கழுவ வெந்நீர்க் குழாய் போட வேண்டும். ஆறு பெண்கள் ஆறு ரப்பர்க் குழாய்களைப் பிடித்துக் கழுவுவார்கள். ஒவ்வொரு குழாய் நுனியிலும் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அழுத்தினால் தண்ணீர் வரும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். குழாய் பொருத்துகிற காண்டிராக்டருக்கு நான் வைத்த பெயர் ‘ஆறு கிலோ’. ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். ஆனால் எதைக் கேட்டாலும் “ஓடுறதே ஆறு கிலோதான்” என்பார்.

விடுமுறை நாட்களில் என்னை வீட்டில் தனியாக விடுவதைச் சித்தி படுமோசமான நிலைமை என்று கணக்கிட்டிருந்ததால், அலுவலகத்தில் அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பழைய வரைபடங்களில் ராக்கெட் செய்துகொண்டிருந்தேன். ஆறு கிலோ உள்ளே வந்தார்.

“என்ன மேடம் இது? ஓடுறதே ஆறு கிலோ. நீங்க பன்னண்டுன்னு எழுதியிருக்கீங்க. பூனைக்குட்டியைக் கட்ட கப்பல் சங்கிலியா?”

“ஓடும்போது ஆறு. மூடிட்டா?”

“யாரு மூடப்போறா?”

“ஆறு பேர் கையிலயும் ஆறு துப்பாக்கி இருக்கு. ஆறு பேரும் விட்டுட்டா?”

“ஒரே நேரத்துல எப்படி மேடம் விடுவாங்க? அவங்க என்ன கோரஸ் பாடவா வந்திருக்காங்க?”

சித்தி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். “வாயை மூடிட்டா இந்த பம்ப் ஒன்பது கிலோ வரைக்கும் ஏத்தும். பம்ப் கம்பெனி கொடுத்த தாள்லயே இருக்கு. தண்ணித் தொட்டி இருபது மீட்டர் உயரத்துல இருக்கு, அதோட பாரம் ரெண்டு கிலோ. ஒன்பதும் ரெண்டும்?”

“பதினொண்ணு” என்றேன் நான் மேசைக்கு அடியிலிருந்து. கணக்கில் நான் வாங்கிய முதல் மதிப்பெண் அது.

“பதினொண்ணு. கொஞ்சம் இடம் விட்டு பன்னண்டு” என்றாள் சித்தி.

ஆறு கிலோ தலையைச் சொறிந்தார். பத்து கிலோ தாங்குகிற வால்வுகளாக வாங்கி இறக்கிவிட்டாராம். குழாயை ஒன்பது கிலோவில் சோதித்தும் பார்த்துவிட்டாராம். ஓடுகிற ஆறில் ஒன்றரை மடங்கு ஒன்பது என்று அவர் கணக்கு. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். “ஒன்றரை மடங்கு டிசைன் பிரஷருக்குங்க. ஓடுற பிரஷருக்கு இல்ல” என்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு. குக்கர் விசில் மாதிரி ஒரு சேஃப்டி வால்வு வைத்துவிட வேண்டியது. பத்து வந்ததும் அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். அப்படிச் செய்தால் பன்னிரண்டை அடித்துப் பத்து என்று எழுதலாம்.

“ஆனா ஒண்ணு, சேஃப்டி வால்வுக்குக் கீழ வேற எதையும் வைக்கக் கூடாது. எதையும்” என்றாள் சித்தி.

“சரி சரி” என்றார் ஆறு கிலோ. எதற்கு இரண்டு சரி என்று எனக்கு அப்போதே தோன்றியது.

குளிர்ந்த தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. முதலாளி, மருமகன், சித்தி, நான் எல்லாரும் ஆலைக்குப் போனோம். வெள்ளைத் தொப்பியும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் போட்ட ஆறு பெண்கள், துப்பாக்கியும் கையுமாகப் போருக்குப் புறப்பட்ட மாதிரி நின்றார்கள். சித்தி நேராகச் சேஃப்டி வால்வுகிட்டே போனாள். அதற்குக் கீழே, சிவப்புக் கைச்சக்கரத்தோடு, சமர்த்தாக ஒரு சின்ன வால்வு.

“இது என்ன?”

“அதுங்களா? சேஃப்டி வால்வு ரிப்பேர் ஆனா ஆலையை நிறுத்தாம கழட்டலாம்ல. ஒரு வசதிக்கு.”

“மூடிட்டா?”

அவ்வளவுதான். ஆறு கிலோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மருமகனும் சிரித்தார், ஏனென்றால் கடைசியாகச் சிரித்தது ஆறு கிலோ. “மேடம், நீங்க ராத்திரி கண்ணை மூடிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுத் தூங்காமலே இருப்பீங்களா?” என்றார் ஆறு கிலோ. ஆறு பெண்களில் இரண்டு பேர் வேறு களுக்கென்றார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. ஆனால், “அம்மா, எல்லாத்துக்கும் பயந்தா ஒரு ஆலையும் ஓடாது” என்றார். “இன்னிக்கு ஓட்டிப் பார்ப்போம். ஒண்ணும் ஆகலைன்னா இந்தத் தாள்ல மாப்பிள்ளையே கையெழுத்துப் போடட்டும். இனிமே வர்றதுக்கும் அவரே போடட்டும்.”

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கே இல்லை. அழுகிறவர்கள் அழுவார்கள், சித்தி கண்ணாடி துடைப்பாள். எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

பிறகு பெரியவர்கள் எல்லாரும் வரைபடம் பார்க்க அறைக்குள் போனார்கள். பத்து நிமிடம். இந்த இடத்தில்தான் ஒரு மர்மம் நடந்தது. யாரோ ஓர் ஆசாமி அந்தச் சிவப்புச் சக்கரத்தை ஏழரைச் சுற்று சுற்றி, சேஃப்டி வால்வுக்குப் போகிற வழியை முழுக்க மூடிவிட்டிருக்கிறார். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. துப்பறியும் நிபுணர்கள் கைவிட்டுவிட்டார்கள். வாசகர்கள் அப்பாவிகள் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

வெளியே வந்தார்கள். பம்ப் ஓடியது. ஆறு துப்பாக்கியும் தண்ணீர் கக்கின. அழுத்தமானியின் முள் ஆறில் போய்ப் படுத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா? ஆறு. சொன்னேன்ல? ஆறு” என்று பெற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் குழாயைத் தட்டிக்கொடுத்தார் ஆறு கிலோ.

அப்போது ஆலையில் ஒரு வதந்தி பரவியது. வதந்தியைக் கிளப்பியது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கழுவிக்கொண்டிருந்த முதல் அக்காவின் காதில், “கேட் கிட்ட போட்டோ எடுக்கிறாங்களாம்” என்றேன்.

“யாரைடி?”

“உங்க ஆறு பேரைத்தான். முதல்ல போறவங்களுக்கு முன்வரிசை.”

“ஐயோ, தொப்பியோடவா?” என்று துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினாள். முள் ஆறரை.

“எங்கடி போறா அவ?” என்றாள் இரண்டாவது அக்கா. சொன்னேன். முள் ஏழு. மூன்றாவது அக்கா, சுவரோரம் பெரிய இணைப்புக்கு நேர் எதிரே நின்றவள், நான் சொல்லி முடிப்பதற்குள் பறந்துவிட்டாள். முள் ஏழே முக்கால். நாலாவது, ஐந்தாவது அக்காக்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒன்பது. ஆறாவது அக்கா நிதானமானவள். கண்ணாடிபோல் பளபளத்த தொட்டியில் முகம் பார்த்து, முடியை ஒதுக்கி, உதட்டைக் கடித்துச் சிவப்பாக்கிக்கொண்டு, பிறகுதான் துப்பாக்கியை விட்டாள்.

மொத்தமும் மூடியாகிவிட்டது. கோரஸ்தான்.

முள் பத்தைத் தொட்டது. சேஃப்டி வால்வு திறக்க வேண்டிய நேரம். அது ஆழ்ந்த தியானத்தில் இருந்தது. முள் பத்தையும் தாண்டி, அதற்கு மேல் எண்களே இல்லாததால், கடைசியில் இருந்த ஆணியில் முட்டிக்கொண்டு நடுங்கியது.

“என்னங்க, திறக்கவே இல்ல?” என்றார் ஆறு கிலோ. அவருடைய குரல் ஆறு கிலோகூட இல்லை. கால் கிலோ.

சுவரோரம் இருந்த இணைப்பிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, மயில் தோகை விரித்ததுபோல ஒரு தண்ணீர் விசிறி பிய்த்துக்கொண்டு வந்தது. முதல் அடி ஆறு கிலோவின் மீசையில், இரண்டாவது சட்டைப் பையில். பையிலிருந்த மைப்பேனா உயிரை விட்டது. வெள்ளைச் சட்டையில் நீலமாக ஒரு தேசப்படம் உருவாகி, எல்லை பிடித்துக்கொண்டே போனது. மருமகன் ஸ்டூல்மேல் ஏறி நின்று, “மூடுங்க, மூடுங்க!” என்று கத்தினார். உலகத்திலேயே தவறான இடத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான். நான் சிரிப்பு தாங்காமல் ஒரு தூணைக் கட்டிக்கொண்டேன்.

பம்ப் நின்றது. சித்தி நிறுத்தியிருந்தாள். ஆரம்பத்திலிருந்தே அவள் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். எங்கே போனாலும் அங்கேதான் நிற்பாள்.

சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு பெண்களும் திரும்பி வந்தார்கள். “போட்டோக்காரர் எங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்த மூன்றாவது அக்கா, இணைப்பிலிருந்து பிய்ந்து தொங்கிய ரப்பர் வளையத்தையும் எதிர்ச் சுவரில் உரிந்துபோன சுண்ணாம்பையும் பார்த்தாள்.

“இது நான் நிக்கிற இடம்” என்றாள். “நாளையிலேர்ந்து இதுல கொதிக்கிற தண்ணில்ல வரும்?”

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஆறு கிலோ சொட்டச் சொட்டப் போய் அந்தச் சிவப்புச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். “மூடியிருக்கு! யாரு மூடினது? யாருய்யா மூடினது?”

“யாரு மூடினாங்கன்னு குழாய் கேக்காதுங்க” என்றாள் சித்தி. “மூடிட்டா என்ன ஆகும்கிறதுதான் அதுக்குக் கணக்கு.”

முதலாளி அழுத்தமானிக்கு அருகே குனிந்தார். “எவ்வளவும்மா போச்சு? மூணா, எட்டா?”

“பதினொண்ணு ஐயா. முள்ளுக்குத்தான் இடம் போதல.”

அவர் நிமிர்ந்தார். பிறகு மருமகனை ஸ்டூலிலிருந்து இறங்கச் சொன்னார். சித்தியிடம், “பன்னண்டுன்னே எழுதும்மா. வால்வு எல்லாத்தையும் மாத்தட்டும். ரெண்டாவது கட்டத்துலயும் நீயே போட்டுடு” என்றார்.

சித்தி போட்டாள். முதல் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே வழிந்துவிட்டது. நாற்பத்தோரு தடவை பழகியும். வழிந்ததை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் ஒரு வால்வை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

*

இதுவரை எழுதியதைச் சித்தியிடம் கொடுத்தேன், எண்கள் சரியா என்று பார்க்க. சமையலறை மேசையில் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

“உலகத்துக் குழாய் அத்தனையுமா? போன வருஷம் வரைக்கும் நாலாயிரத்துச் சொச்சம் வரிதான்டி.”

“அது ஒரு அலங்காரத்துக்கு.”

“எட்டு மாசம் இல்ல, ஏழு” என்று பல்வலியைத் திருத்தினாள். பக்கத்தில் இருந்த சித்தப்பா, “எனக்கு எட்டு மாதிரிதான் இருந்தது” என்றார். செய்தித்தாள் கையெழுத்து வந்த இடத்தில் எதையும் திருத்தவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்தாள். அப்புறம் தாளைத் திருப்பினாள். பேனா ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

“யாரோ மூடிட்டாங்கன்னு எழுதியிருக்க.”

“ஆமா சித்தி. பெரிய மர்மம்.”

“ஏழரைச் சுத்துன்னும் எழுதியிருக்க.”

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“மூடின வால்வை வெளியிலேர்ந்து பார்த்தா எத்தனை சுத்துன்னு யாருக்கும் தெரியாது” என்றாள் சித்தி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “சுத்தினவங்களுக்குத்தான் தெரியும். எண்ணிக்கிட்டே வேற சுத்தியிருக்க.”

சமையலறையில் அழுத்தம் ஏறியது. என் கணக்குப்படி பதினொன்று.

“அந்தப் பொம்பளைங்களை முதல்ல வெளிய அனுப்பினியே, அந்த ஒண்ணுக்காகத்தான் உன் காது இன்னும் இருக்கிற இடத்துல இருக்கு. நாளைக்கு என்கூட வந்து முதலாளிகிட்டயும் அந்த காண்டிராக்டர்கிட்டயும் நடந்ததை அப்படியே சொல்ற.”

“அப்போ உன் ரெண்டாவது கட்டம்?”

“போனா போகட்டும். பன்னண்டு பன்னண்டுதான், அதை யாரும் மாத்த முடியாது. என்ன சொல்ற?”

எனக்குத் தெரிந்த எல்லாப் பொய்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் பத்து கிலோகூடத் தாங்காது. பேசாமல் நின்றேன்.

சித்தி சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி? வாயை மூடிட்டா?”